கழிக்காத ஐம்பத்து மூன்று

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு முத்துகிருஷ்ணனின் செல்போனில் அந்தச் செய்தி வந்து விழுந்தது. காஞ்சிபுரத்துப் பயிற்சி மையம் அனுப்பியிருந்தது. மகள் சுதாவின் பெயர், பதிவு எண், கடைசி மாதிரித் தேர்வில் அவள் எடுத்த மதிப்பெண். எழுநூற்று இருபதுக்கு நானூற்று நாற்பத்தொன்பது.

அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த அண்ணன் வேதாசலத்தின் முகத்துக்கு நேராகப் போனை நீட்டினார்.

"ண்ணா, இன்னா இது? நம்ம வூட்ல போன வாரம் ஐந்நூத்தி எட்டு. அங்க நானூத்தி நாப்பத்தொம்போதா?"

வேதாசலம் வாய் கொப்பளித்தார். மறுபடி கொப்பளித்தார். மூன்றாம் தடவையும் சொம்பில் நீர் எடுத்தார். பதில் சொல்லாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல காரியம் அப்போது அவருக்குக் கிடைக்கவில்லை.

சாலவாக்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்த ஊரில் அவர்கள் வீட்டுக்குக் 'கிளார்க் வூடு' என்று பெயர். நெல் கொள்முதல் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் பட்டியல் எழுத்தராக இருந்தவர் வேதாசலம். விவசாயி வாங்கித் தந்த ஒரு டீயைக்கூடத் தொட்டவர் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து, பிள்ளையும் இல்லாமல், ஓய்வுக்குப் பிறகு தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். தம்பிக்கு வயலும் டிராக்டரும். அண்ணனுக்குப் பேனாவும் சொல்லும். அந்த வீட்டில் எந்த முடிவும் அண்ணன் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

போன வருஷம் மருத்துவ நுழைவுத் தேர்வில் சுதா தோற்றபோது, இன்னொரு வருஷம் படிக்கட்டும் என்று முடிவு சொன்னவரும் அவர்தான். முத்துகிருஷ்ணன் தலையாட்டினார், ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். தை மாதம் வரை பார்ப்பது, மாதிரித் தேர்வில் நானூறுக்குப் பக்கத்திலாவது வரவில்லை என்றால் நிறுத்திவிடுவது.

தினமும் காஞ்சிபுரம் போய்வர முடியாதவர்களுக்கு அந்த மையத்தில் ஒரு திட்டம் இருந்தது. வினாத்தாள்களைக் கட்டாக வாங்கிவந்து வீட்டிலேயே எழுதலாம். கடைசி ஒன்றை மட்டும் மையத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். வேதாசலம் அதை ஒரு அரசாங்க வேலையைப் போல எடுத்துச் செய்தார். பகல் இரண்டு மணிக்கு வினாத்தாளைக் கொடுப்பார், ஐந்து மணிக்கு விடைத்தாளைப் பிடுங்குவார். விடைக் குறிப்பு அவருடைய இரும்பு பீரோவில் இருக்கும். திருத்துவதும் அவர்தான், நோட்டில் ஏற்றுவதும் அவர்தான். சரியான விடைக்கு நாலு மதிப்பெண். தவறான விடைக்கு ஒன்று கழிக்க வேண்டும்.

அந்தக் கழித்தலில்தான் சனி பிடித்தது.

கட்டின் முதல் தேர்வு தை மாதத்தில் வந்தது, அன்று சுதாவுக்குக் காய்ச்சல். தொண்ணூற்றாறு சரி, அறுபத்தொன்று தவறு. கழித்தால் முந்நூற்று இருபத்து மூன்று. வெளியே தம்பி டிராக்டரைக் கழுவிக்கொண்டே காத்திருந்தார். உள்ளே அந்தப் பெண் நெற்றியில் ஈரத்துணியோடு, பெரியப்பாவின் பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேதாசலம் முந்நூற்று எண்பத்து நான்கு என்று எழுதினார். கழிக்கவில்லை. காய்ச்சலுக்காக இந்த ஒரு தடவை மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"பதினாறுதானே கொறச்சல்," என்றார் தம்பி. "படிக்கட்டும், வுடு."

அடுத்த தேர்வில் கழித்திருக்கலாம். கழித்தால் முந்நூற்று ஐம்பது வந்தது. போன தடவையைவிட இறங்கிவிட்டாளே என்று தம்பி கேட்பாரே. அதனால் அதிலும் கழிக்கவில்லை. அப்படியே பதினோரு தேர்வுகள். எண்ணிக்கை ஏற ஏற வேதாசலத்துக்கே அது உண்மை போல ஆகிவிட்டது. ஐந்நூற்று எட்டு வந்த அன்று பால் சொசைட்டியில் நாலு பேர் எதிரில் சொன்னார். ஊரில் இருக்கிற நாற்பது வீட்டுக்கும் அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது.

இப்போது தம்பி போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"அவனுங்க மிஷின்ல எதோ தப்பு கீது," என்றார் முத்துகிருஷ்ணன். "சும்மா வுடக் கூடாது. இன்னும் எட்டு நாள்ல பரீட்சை. இந்த நேரத்துல இப்பிடி ஒரு நம்பரப் போட்டா பொண்ணு மனசு இன்னாத்துக்கு ஆவும்? நீ ஒரு புகார் எழுதுண்ணா. உன் நோட்டையும் எடுத்துக்கினு நேராப் போவலாம்."

வேதாசலம் எழுதினார். அதைத்தான் பிறகு அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மேசையில் உட்கார்ந்து, வெள்ளைத் தாளில் ஓரம் மடித்து, முத்து முத்தான எழுத்தில் 'தங்கள் மையத்தில் விடைத்தாள் திருத்தத்தில் நேர்ந்துள்ள பிழை குறித்து' என்று தொடங்கி முக்கால் பக்கம் எழுதினார். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சுதா வர மாட்டேன் என்றாள். அவள் அம்மா பவளம்தான் சடை பின்னிவிட்டு அனுப்பி வைத்தாள்.

*

டவுன் பஸ்ஸில் பக்கத்துத் தெரு சிட்டம்மாள் இருந்தாள். சுதாவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"வா டாக்டரம்மா, உக்காரு. முட்டி ரெண்டும் மடக்க முடியல, இன்னா மாத்திர போடலாம் சொல்லு."

"நான் இன்னும் படிக்கவே போவலக்கா."

"அதான் ஐந்நூறு வாங்கிட்டியாமே. உங்க பெரியப்பா சொன்னா அது பட்டா மாதிரி." சிட்டம்மாள் முன் சீட்டில் இருந்த வேதாசலத்தின் முதுகைப் பார்த்துச் சிரித்தாள். "அவுரு என் நெல்லுக்கு ஒரு கிலோ கூடப் போட்டதில்ல, கொறச்சிப் போட்டதும் இல்ல."

வேதாசலம் திரும்பவில்லை. சட்டைப் பையில் இருந்த தாள் மார்பில் குத்திக்கொண்டே வந்தது.

உத்திரமேரூரில் இறங்கிக் காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நின்றார்கள். முத்துகிருஷ்ணன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில் சுதா அருகில் வந்தாள். புகார் கொடுக்காமல் விட்டால் என்ன என்று மெதுவாகக் கேட்டாள். வீட்டில் எழுதுகிற பிள்ளைகளுக்குப் பொறுப்பு கலைச்செல்வன் சார் என்றும், ஏற்கெனவே ஒரு பெற்றோர் புகார் கொடுத்து அவருக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள் என்றும், இன்னொரு புகார் வந்தால் அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லியிருப்பதாகவும் பிள்ளைகளின் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறார்களாம்.

"எந்த கலைச்செல்வன்?"

"நம்ம ஊருதான் பெரியப்பா. காலனி செங்கேணி மவன்."

செங்கேணியை வேதாசலத்துக்குத் தெரியும். நிலையத்தில் இருபது வருஷம் மூட்டை தூக்கியவர். அந்த இருபது வருஷத்தில் செங்கேணி தன் எதிரில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை என்பதும், உட்காரச் சொல்லித் தான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பதும் இப்போது, இந்த பஸ் நிலையத்தில், எதற்காகவோ நினைவுக்கு வந்தன.

அந்த மனிதரின் மகனுடைய வேலை தன் சட்டைப் பையில் நாலாக மடித்துக் கிடக்கிறது. கையெழுத்துப் போட்டால் அது போய்விடும். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று தம்பிக்குச் சொல்ல வேண்டும்.

காஞ்சிபுரம் போய்ச் சேரும்வரை ஒரு வழி தேடினார். பஸ்ஸிலேயே மயக்கம் வந்ததாகச் சொல்லி வீடு திரும்பிவிடலாம். வயது அறுபத்தெட்டு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அப்படி நினைத்ததற்காக இன்னொரு தடவை கூனிக் குறுகினார். ஆனாலும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

*

மையம் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. கலைச்செல்வனுக்கு முப்பது வயது இருக்கும். அறைக்குள் வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க ஐயா, உக்காருங்க," என்றார். வேதாசலத்தை அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

முத்துகிருஷ்ணன் உட்காரவில்லை. நோட்டையும் வீட்டுத் தேர்வின் கடைசி விடைத்தாளையும் மேசைமேல் போட்டார். தன் மகள் பதினோரு தேர்வு எழுதியிருக்கிறாள் என்றும், மாதா மாதம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறாள் என்றும், ஒரே வாரத்தில் ஐம்பத்தொன்பது மதிப்பெண் எப்படி இறங்கும் என்றும் கேட்டார். வந்தபோது 'நீங்க' என்று ஆரம்பித்தவர், நாலாவது வாக்கியத்தில் 'நீ'க்கு வந்துவிட்டார்.

"நீ செங்கேணி மவன்தானே? எங்க அண்ணனப் பத்தி உங்க அப்பாவக் கேளு. ஒரு வருசம் மழைல நனைஞ்சி என் நெல்லு பத்தொம்போது பர்சென்ட் ஈரம் காட்டுச்சி. பதினேழுக்கு மேல வாங்க மாட்டேன்னு தம்பின்னும் பாக்காம வண்டியத் திருப்பி அனுப்புனவரு. அவுரு எழுதுன நம்பரு தப்பு, உன் மிஷின் நம்பரு சரியா?"

கலைச்செல்வன் மேசை டிராயரைத் திறந்து வினாத்தாள் கட்டுக்கான விடைக் குறிப்பை எடுத்தார். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்து, பென்சில் முனையால் வரிசை வரிசையாக இறங்கினார். சுதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாறு நிமிஷம் ஆகியிருக்கும். பென்சில் நின்றது. கலைச்செல்வன் நோட்டைப் புரட்டினார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். தேதி, சரியான விடை, மொத்தம் என்று மூன்று கட்டங்கள். அவர் கண் நாலாவது கட்டத்தைத் தேடியதையும், தேடியது கிடைக்காமல் ஒரு விநாடி நின்றதையும் வேதாசலம் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் மற்றவர்கள் பட்டியலை அப்படித்தான் அவரும் பார்த்திருக்கிறார். எங்கே கண் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

கலைச்செல்வன் நிமிர்ந்தார். முத்துகிருஷ்ணனைப் பார்க்கவில்லை. நோட்டை மெதுவாக வேதாசலத்தின் பக்கம் திருப்பி வைத்தார்.

"பெருக்கல் சரியா கீது ஐயா. நூத்தி இருவத்தேழு சரி, நாலால பெருக்குனா ஐந்நூத்தி எட்டு. அதுக்கு மேல நீங்களே ஒருதபா பாத்துச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னார். குத்தலாகச் சொல்லவில்லை, இரக்கமாகவும் சொல்லவில்லை.

"அவுரு இன்னாத்த பாக்கறது?" என்றார் முத்துகிருஷ்ணன். "ண்ணா, அந்தப் புகார எடு. இங்கயே கையெழுத்து போட்டு முதலாளி கிட்டக் குடுத்துட்டுப் போவலாம்."

வேதாசலம் தாளை எடுத்தார். பிரித்தார். தன் எழுத்தை இவ்வளவு நாள் எவ்வளவு அழகு என்று நினைத்திருந்தார். பேனாவைத் திறந்தார். மூடினார். அந்தத் தாளை இரண்டாகக் கிழித்து மேசைமேல் வைத்தார்.

"முத்து, நான் கழிக்கல."

"இன்னாத்த கழிக்கல?"

"தப்பு விடைக்கு ஒண்ணு கழிக்கணும். அம்பத்து மூணு தப்பு. கழிச்சா நானூத்தி அம்பத்தஞ்சி. இவங்க போட்ட நம்பருதான் சரி."

"மறந்துட்டியா?"

தப்பிப்பதற்குத் தம்பியே ஒரு கதவைத் திறந்து வைத்தார். மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை. அறுபத்தெட்டு வயதுக்கு அது பொருந்தும்.

"மறக்கல," என்றார் வேதாசலம். "தெரிஞ்சேதான் வுட்டேன். பதினோரு பரீட்சைலயும்."

முத்துகிருஷ்ணன் அண்ணனையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். கோபம் வரவில்லை. தன் வீட்டுக்கு வழி கேட்டு நிற்கிற ஒரு அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

வேதாசலம் எழுந்து நின்று கைகூப்பினார். செங்கேணியின் மகன் பதறிப்போய் எழுந்தார்.

"அதெல்லாம் வேணாம் ஐயா. உக்காருங்க." அவர் சுதாவின் விடைத்தாளை எடுத்து அவளிடம் கொடுத்தார். "உங்க வூட்ல நானூத்தி அம்பத்தஞ்சி, இங்க நானூத்தி நாப்பத்தொம்போது. ரெண்டும் ஒண்ணா வருது பாருங்க, அதான் நல்ல சேதி. இப்ப இவளோட நெலவரம் இதான்னு தெரிஞ்சிப்போச்சி. இத வச்சி சீட்டு கெடைக்கும் கெடைக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன், இந்த வருசத்துப் பேப்பர் எப்பிடி வரும்னு யாருக்கும் தெரியாது. ஆனா எந்த அம்பத்து மூணு தப்புன்னு பாரும்மா. தெரிஞ்சி தப்பானது எத்தினி, தெரியாம அடிச்சி வுட்டது எத்தினின்னு தனியாப் பிரி. எட்டு நாளைக்கு அந்த வேல போதும்."

சுதா தலையை ஆட்டினாள். அவள் முகம் ஏன் இப்படி வெளிறியிருக்கிறது என்று வேதாசலம் நினைத்தார். தன்னால்தான் என்று முடிவு செய்துகொண்டார்.

*

ஊர் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. பஸ்ஸில் சுதா விடைத்தாளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனதும் பவளத்திடம் என்ன சொல்வது, பால் சொசைட்டியில் என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டே வந்தார் வேதாசலம். நாற்பது வீட்டுக்குத் தெரிந்த ஒரு பொய்யை நாற்பது வீட்டிலும் போய்த் திரும்ப வாங்க வேண்டும். அந்த வீட்டின் பெயரை முப்பத்தோரு வருஷம் காத்தவர் அவர். அதைக் கெடுக்கவும் அவரே போதுமானவராக இருந்திருக்கிறார்.

முத்துகிருஷ்ணன் முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். கூடத்தில், சுதா படிக்கிற மேசையில் உட்கார்ந்திருந்தார். அவர் அந்த மேசையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவர். இப்போது எதிரில் பதினோரு வினாத்தாள்களும் அடுக்கியிருந்தன. கையில் ஒரு சிவப்புப் பேனா. தப்பான கேள்விகளின் மேல் அண்ணன் போட்டு வைத்திருந்த சிவப்புச் சுழிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணி, ஓரத்தில் கழித்துக்கொண்டிருந்தார். பவளம் கொண்டுவந்து வைத்த காபி ஆறி ஆடை கட்டியிருந்தது.

"மூணு முடிச்சிட்டேன்," என்றார், தலை நிமிராமல். "நாலாவதுக்கு வந்தா, யாரோ எனக்கு முந்தியே கழிச்சி வச்சிக்கீறாங்க."

வினாத்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அடியில், பென்சிலில், பொடி எழுத்தில் ஒரு கணக்கு. சரி எத்தனை, தவறு எத்தனை, கழித்தது போக மீதி எவ்வளவு. பக்கத்தில் இன்னொரு கணக்கு. தெரிந்து எழுதியது, ஊகத்தில் எழுதியது என்று இரண்டாகப் பிரித்து. அடுத்த வினாத்தாளை எடுத்தார். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். கடைசி வினாத்தாளில், ஊகத்தில் எழுதியவை அறுபத்திரண்டு, அதில் கழித்தது போகத் தேறியது எட்டு மதிப்பெண் என்று கோடு போட்டுக் காட்டியிருந்தது.

"இது யாரு எழுத்து?"

வேதாசலத்துக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்தது. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் கோடு போடுவது இந்த வீட்டில் ஒருத்திதான். அவர் வாய், அவரைக் கேட்காமலே, திறந்தது. என் எழுத்துதான் என்று சொல்லிவிட்டால் போதும். ஏற்கெனவே தலை குனிந்தாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் குனிவதில் என்ன. அந்தப் பெண்ணாவது தப்பிக்கட்டும்.

"முத்து..."

"என்னுதுப்பா," என்றாள் சுதா.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தேர்வு முடிந்து தப்பான விடைகளைச் சரிபார்க்கும்போதே கணக்கு உதைப்பதைப் பார்த்துவிட்டாளாம். பெரியப்பாவிடம் கேட்கத்தான் போனாளாம். அன்று அப்பா முதல் தடவையாகத் தெருவில் யாரிடமோ, என் பொண்ணு படிக்கறா என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். திரும்பி வந்துவிட்டாளாம்.

"அப்புறம் இன்னா பண்ணேன் தெரியுமாப்பா? பெரியப்பா கழிக்க மாட்டாருன்னு தெரிஞ்சதும், தெரியாததையும் சேத்து எல்லாத்தையும் நெரப்பிட்டேன். நம்பர் ஏறட்டும்னு. ஏறலன்னா நீ நிறுத்திடுவன்னு."

வேதாசலம் அருகிலிருந்த நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். காலையிலிருந்து தன் குற்றம் ஒன்றுதான் என்று எண்ணியிருந்தார். அதை ஒருமாதிரி சுமந்துகொண்டு நடந்தும்விட்டார். இந்தப் பெண் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது தன் பேனாவைப் பார்த்துத்தான் என்பது இப்போதுதான் ஏறியது. அவள் பக்கம் பார்க்க அவருக்கு முகமில்லை.

முத்துகிருஷ்ணன் பேனாவுக்கு மூடி போட்டார். வினாத்தாள்களை விளிம்பு தட்டி ஒன்றாக அடுக்கினார்.

"அண்ணனுக்கும் தெரியும். பொண்ணுக்கும் தெரியும்," என்றார். "மூளை இல்லாதவன் நான் ஒருத்தன்தான். இல்ல?"

சமையலறையில் பவளத்தின் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"நாளைக்குக் காலைல நான் காஞ்சிபுரம் போறேன். அந்தப் பையன நீ வான்னு பேசினேன், அவுங்க அப்பன் பேரச் சொல்லிப் பேசினேன். அத நான்தான் போயி சரி பண்ணணும். அதுக்கு அண்ணன் எழுத்து தேவையில்ல."

எழுந்தார். சுதாவின் புத்தக அடுக்கில், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்த நுழைவுத் தேர்வு அனுமதிச் சீட்டை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த மகளின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்பா, அது ஹால் டிக்கெட்டு."

"தெரியும். எங்கிட்டவே இருக்கட்டும்."

சுதா பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வீட்டில் இதுவரை எந்தச் சண்டையும் அவர் ஒரு வார்த்தை சொன்னதும் அடங்கியிருக்கிறது. அந்தச் சீட்டைக் கொடுத்துவிடு முத்து என்று அவர் சொன்னால் போதும் என்று அவள் கண் கெஞ்சியது.

வேதாசலம் எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடி மட்டும்தான் கையில் இருந்தது, வார்த்தை எதுவும் இல்லை. அதற்குள் தம்பி அந்தச் சீட்டோடு வாசல் தாண்டிவிட்டார், வெளியே அவர் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது.